பச்சைப் பொட்டலம்

“நாலாம் நம்பர் மிஷினைப் போய்ப் பாரும்மா. ஒரு தகடுகூட ஓரம் உடையல. உன்னோடது எலி கொறிச்ச மாதிரி இருக்கு” என்றார் பகுதித் தலைவர் கோ.

சூயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிஞ்சு நகரின் அந்தத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகப் புற ஊதா லேசரால் நீலக்கல் தகடு அறுக்கிறவள் அவள். நாலாம் நம்பர் பெய்ஷான் நேற்று முளைத்தவள். முகமூடிக்கு மேலே தெரிகிற அவள் கண்கள் எப்போதும் சிரிக்கும். அதைப் பார்த்தாலே சூயினுக்கு வயிறு எரியும்.

நாளை ஆளுக்கு நூறு தகடு அறுக்க வேண்டும். யார் குறைவாக உடைக்கிறாளோ, அவள்தான் குழுத் தலைவி.

அங்கே ஒவ்வொரு மிஷின் தலையிலும் ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். இருந்தால் மிஷின் சமர்த்தாக இருக்குமாம். தேதி முடிந்ததை வைத்தால் முரண்டு பிடிக்குமாம். படித்த எஞ்சினியர்கள்கூட இதில் விளையாட மாட்டார்கள்.

சாயங்காலம் ஆள் கலைந்ததும், போன வருடமே தேதி முடிந்து லாக்கரில் கிடந்த ஒரு பொட்டலத்தை சூயின் எடுத்து வந்தாள். பார்க்கப் புதுசு போலத்தான் இருந்தது. தேதி அடியில் பொடி எழுத்தில். அதை நாலாம் நம்பர் மேல் வைத்துவிட்டு, அங்கிருந்ததைக் குப்பையில் போட்டாள். அன்றுதான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் நாலாம் நம்பர் ஒரு பிசிறில்லாமல் நூறையும் முடித்தது. சூயினுடையதோ நாற்பதாவது தகட்டில் ஒளிக்கற்றை இடம் தவறி, பன்னிரண்டைப் பாழாக்கிவிட்டு நின்றே போனது. கோ பெய்ஷானின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

உடை மாற்றும் அறைக்குப் பெய்ஷான் பின்னாலேயே வந்தாள். கண்ணில் சிரிப்பைக் காணோம்.

“நேத்து கண்ணாடிச் சுவர் வழியா எல்லாத்தையும் பாத்துட்டேன்க்கா.”

சூயின் சட்டென்று லாக்கர் கதவைச் சாத்தினாள்.

“என்னோடத எடுத்துட்டு, உங்க லாக்கர்ல பத்திரமா வச்சிருந்தத எனக்கு வச்சீங்களே. போட்டிக்கு நிக்கிறவளுக்கு யாருக்கா இப்படிச் செய்வா? எனக்கு மனசே கேக்கல. காலையில முதல் ஆளா வந்து அதை உங்க மிஷின்லயே வச்சுட்டு, உங்களோடத நான் எடுத்துக்கிட்டேன். அப்படியும் ஏன்க்கா நின்னுச்சு?”