ஆறு பெட்டிப் புத்தகம்

முத்தமிழுக்கு எட்டு வயசு. ஒரு வரிகூட வாசிக்க வராது. தப்பு யார் மேல்?

"புத்தகம் சரியில்ல" என்றான் அவள் அப்பா ராஜதுரை.

பள்ளிக்கூடம் பிள்ளையைக் கெடுத்துவிடும், வீட்டிலேயே படிக்கட்டும் என்று ஒன்றாம் வகுப்போடு நிறுத்தியவன் அவன்தான். நிறுத்தினானா, உடனே வீட்டுக்கே பள்ளிக்கூட மணி ஒன்று வாங்கினான். தினம் காலை ஒன்பதரைக்கு அடிப்பான்.

வாட்ஸ்அப் குழுவில் எவன் எதை நல்ல புத்தகம் என்றாலும் ஆர்டர் போட்டுவிடுவான். ஐந்து பெட்டி வந்துவிட்டது. ஒன்றில் மர எழுத்து. ஒன்றில் பனிமனிதன் படம். உடையார்பாளையம் வெயிலில் பனிமனிதன் என்ன பண்ணுவான்? யாரும் கேட்கவில்லை.

ஆடி மாசம் அரியலூரிலிருந்து மச்சான் ஜெயப்பிரகாஷ் வந்தான். தங்கச்சி மகளைப் படிக்கச் சொன்னான். அவள் தரையைப் பார்த்தாள்.

"மாப்ள, பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள புள்ள படிக்கணும். இல்லன்னா பெரம்பலூர்ல ஹாஸ்டல் பள்ளிக்கூடம் பாத்து வச்சிருக்கேன். கொண்டுபோய் சேத்துடுவேன்."

அன்று ராத்திரி முத்தமிழ் சாப்பிடவில்லை. "நான் போமாட்டேம்மா" என்று அம்மா மணிமொழியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜதுரை ஆறாவது பெட்டிக்கு ஆர்டர் போட்டான்.

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை தவறாமல் ஒரு தொல்லை வேறு. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அனுசுயா. பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிற நோட்டோடு ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். வண்டிச் சத்தம் கேட்டதும் ராஜதுரை பதறுவான்.

"முத்தமிழு! கொல்லப் பக்கமா ஓடு. பின்தெரு பொன்னாயி அக்கா வூட்டுல போயி இரு. நான் கூப்புடாம வராத!"

டீச்சர் வாசலில் நின்றபடியே கேட்பார்.

"பாப்பா இருக்காளா சார்?"

"அம்மாயி வூட்டுக்குப் போயிருக்கா டீச்சர்."

"போன வாரமும் அம்மாயி வூடுன்னீங்க?"

"அம்மாயிக்கு ஒடம்பு சரியில்ல."

"அடடா. நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க."

நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ராஜதுரை மீசையை முறுக்குவான். "பாத்தியா மணிமொழி? வாரா வாரம் ஏமாத்தி அனுப்புறேன். ஒத்தப் புள்ளைய எத்தன தடவதான் எண்ணுவாங்களோ!"

மணிமொழி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். எங்க அம்மாவை எத்தனை வாரம் படுக்கையில் போடுவீங்க என்றுகூடக் கேட்டதில்லை.

பொங்கல் வந்தது. சொன்னபடி ஜெயப்பிரகாஷும் வந்தான். காபியைக்கூடத் தொடவில்லை.

"கூப்புடு புள்ளைய."

ராஜதுரை அவசரமாக ஒரு புத்தகத்தை நீட்டினான்.

"அது மனப்பாடமா இருக்கும். இதப் படிக்கச் சொல்லு" என்று அன்றைய பேப்பரைப் போட்டான் மச்சான்.

முத்தமிழ் எடுத்தாள். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி பூப்பிடித்த செய்தி. ஓர் இடத்தில் திக்கினாள். திரும்பப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் போனாள்.

"மாமா, கொள்முதல்னா என்ன?"

ஜெயப்பிரகாஷ் காபியை எடுத்துக்கொண்டான். "ஹாஸ்டலு வேணாம் மாப்ள. எந்தப் பெட்டிப் புத்தகத்துல இப்புடிப் படிக்கக் கத்துக்கிட்டா?"

ராஜதுரை நெஞ்சை நிமிர்த்தினான். "ஆறாவது. பாத்துப் பாத்து எடுத்தேன்."

"அத இன்னும் பிரிக்கவே இல்லியேப்பா" என்றாள் மகள்.

"பின்ன எதுல படிச்ச?"

"பொன்னாயி அக்கா வூட்டுலதான். ஆட்டுக்குட்டி கதை, பேய்க்கதை, பஸ்ஸு கதைன்னு பை நெறையக் கொண்டாருவாங்க. எது வேணுமோ நீயே எடும்பாங்க. எடுத்தத மறு வாரம் படிச்சுக் காட்டணும்."

"பொன்னாயியா கொண்டாருது?"

"இல்லப்பா. வாசல்ல உங்கள வந்து கேட்டாத்தான நீங்க என்னைய அங்க ஓடச் சொல்லுவீங்க? அதுக்குத்தான் இங்க வந்து கேப்பாங்களாம். கேட்டுட்டு, தெருவச் சுத்திக்கிட்டு நேரா அங்க வந்துடுவாங்க..."

"யாரும்மா?"

"அனுசுயா டீச்சர்."