பவர் இல்லாத கண்ணாடி

இங்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் சோன்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரலில் லேசர் வைத்து இரண்டு கண்ணையும் சரிசெய்துகொண்டவள். படுக்கையில் இருந்தபடியே ஏரியில் போகிற கப்பலின் பெயரை வாசிக்கிறேன் என்று ஆறு மாதமாக டுலூத் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள். அவளுக்கு எதற்குக் கண்ணாடி?

கேட்டால் வெயில் கூசுகிறதாம். குளிரில் விறைக்கிற டுலூத்தில், அக்டோபரில், வெயிலாம்.

பழைய கறுப்பு ஃபிரேமிலேயே பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று சோன்யாவுக்குத் தெரியாதா என்ன.

முதியோர் இல்லத்தின் காப்பி அறையில், ஜன்னலோர மேசையில், அம்மா ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

இருவரும் இரட்டைப் பிறவிகள். நாற்பத்தாறு வயதிலும் அச்சு அசல் ஒரே முகம். கண் கெட்டதுகூட ஒன்றாகத்தான். இங்கா எட்டு வயதில் கண்ணாடி போட்டாள். அவளைப் போல இருக்கவே மாட்டேன் என்று சோன்யா அடம்பிடித்தாள். கரும்பலகை தெரியாமலே ஆறு வருஷம் ஓட்டிவிட்டு கான்டாக்ட் லென்ஸுக்குப் போனாள்.

அதனால் அம்மாவுக்கு அடையாளம் சுலபம். கண்ணாடி போட்டவள் இங்கா. போடாதவள் சோன்யா.

கண்ணாடி போட்டவள்தான் செல்லம். அது ஊரறிந்த விஷயம். அதை மறைக்க அம்மா மெனக்கெட்டதுகூட இல்லை.

இப்போது அம்மாவுக்கு மறதி. பெயர்கள் போயின, வருஷங்கள் போயின, அப்பா செத்துப்போனதும் மறந்துபோயிற்று. அந்த ஓர் அடையாளம் மட்டும் போகவில்லை.

லேசர் முடிந்து இங்கா வந்தபோது அம்மா அவளை சோன்யா என்று கூப்பிட்டு, ஏன் இத்தனை லேட் என்று திட்டினாள். இரண்டு பேரும் வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்க, இங்கா எங்கே, இங்கா எங்கே என்று நச்சரித்தாள். இங்கா அதற்கும் சிரித்தாள். பிறந்ததிலிருந்து கொஞ்சப்பட்டவளுக்கு நாலு திட்டு பெரிதா என்ன.

சோன்யா லேசருக்குப் பெயர் கொடுத்தது சுத்தமான வயிற்றெரிச்சலில்தான். வேறு காரணமே இல்லை. தேவாலயத்தில், மீன் கடையில், முடிவெட்டும் இடத்தில், எங்கே போனாலும் இங்காவின் கண்ணைப் பற்றியே பேசினால் மனுஷிக்குப் பொறுக்குமா?

கண்ணை அளவெடுக்கும் முன் இரண்டு வாரம் லென்ஸ் போடக்கூடாது என்றார்கள். வீட்டில் மட்டும் போடுகிற தடித்த கண்ணாடியோடு அதில் முதல் ஞாயிறு இங்கே வந்தாள்.

அம்மா கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

“வந்துட்டியா என் இங்காக் குட்டி” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அம்மா தன்னைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று சோன்யாவுக்கு நினைவில்லை. நான் சோன்யா என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

மறுநாள் கிளினிக்கைக் கூப்பிட்டு அளவெடுப்பதைத் தள்ளிவைத்தாள். பிறகு இன்னொரு தடவை தள்ளிவைத்தாள். நாளைக் காலை ஒன்பதரைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று அங்கிருந்த பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். லேசர் செய்துகொண்டால் இந்தக் கண்ணாடி போய்விடும். கண்ணாடி போனால் இந்தக் கொஞ்சலும் போய்விடும். ஐந்து வாரமாக அவளுக்கு இதே யோசனைதான்.

முதல் வாரம் இங்கா இதையும் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் வாரம் சிரிக்கவில்லை. இன்று கண்ணாடியோடு வந்துவிட்டாள்.

நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே, சோன்யாவை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

“அஞ்சு வாரமா என் பேரைச் சொல்லி நல்லா அனுபவிச்சிட்டேடி. போதும்” என்று காதோரம் சொன்னாள்.

“நாப்பத்தாறு வருஷத்துல அஞ்சு வாரம். குறைஞ்சா போயிடுவே?” என்றாள் சோன்யா.

இரண்டு பேரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அம்மாவைப் பார்த்தார்கள். எந்த முகத்தை இங்கா என்று கூப்பிடப் போகிறாள்? சோன்யாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. வெட்கக்கேடுதான். இருந்தாலும் வேர்த்தது.

அம்மா இவளைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். இரண்டு இங்கா இருப்பது அவளுக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை. கழுத்தை நீட்டிக் கதவுப் பக்கம் பார்த்தாள். ரொட்டி காப்பிக்குள் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“சோன்யா வரலியா?”

அம்மா கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போன வாரம் அவளைத் திட்டிட்டேன். கோவிச்சுக்கிட்டாளா?”

போன வாரம் வெறும் முகத்தோடு வந்து திட்டு வாங்கியது இங்கா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தன்னைத் தேடி அம்மா கதவைப் பார்த்து சோன்யா கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“இங்கதாம்மா இருக்கேன்.”

கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு சாண் தாண்டி எதுவும் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் வெளுப்பாக என்னவோ அசைந்து அவள் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான் தெரிந்தது.

கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பயனில்லை. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள்.

“இங்கா, அம்மா சிரிக்கிறாளா?”

எல்லாம் தெளிவாகத் தெரிகிற இங்கா வாயே திறக்கவில்லை.