எமில்டா அக்காவின் ஒரு நிமிடம்

எழுவர் கால்பந்துப் போட்டியில் ஓர் அணிக்கு ஒரே ஒரு டைம் அவுட்தான். அதுவும் ஒரு நிமிடம். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கியபிறகும் பயிற்சியாளர் எமில்டா அதைக் கேட்கவில்லை. மூன்றாவதும் விழுந்தது. போன வருடமும் இப்படித்தான் தோற்றிருந்தார்கள். பெண்களின் தலைகள் தொங்கியபிறகே எமில்டா கையைத் தூக்கினார். தலை நிமிராமல் வந்து சூழ்ந்தவர்களுக்கு அவர் கால்கள்தான் தெரிந்தன.

"இன்னாக்கா இது? ஒரு கால்ல நீலச் செருப்பு, ஒரு கால்ல செகப்பு!" என்றாள் கோல்கீப்பர் ஜெனிலா.

எமில்டா குனிந்து பார்த்து, "ஐயய்யோ!" என்றார். ஒருத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான், ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்குள் விசில் ஊதிவிட்டது. எதிரணிப் பெண்கள் பந்தை விட்டுவிட்டு இவர்கள் முகங்களையே பார்த்தார்கள்.

நான்குக்கு மூன்று என்று ஜெயித்தார்கள்.

கோப்பையை வைப்பதற்காக எமில்டாவின் பையைத் திறந்தாள் ஜெனிலா. உள்ளே, செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிய ஒரு நீலச் செருப்பும் ஒரு சிவப்புச் செருப்பும் இருந்தன. அவள் சத்தமில்லாமல் ஜிப்பை மூடினாள்.