வாலில்லாத யானைகள்

"யானைக்கு வாலு எங்கடி?"

பழமலைநாதன் பலகையை மகள் இனியாவின் முன்னால் வைத்தார். முந்தின நாள் அச்சிலிருந்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் காயவைத்த பீங்கான் யானைகள். இன்னும் சூளைக்குப் போகாதவை. மூன்றுக்கு வால் இல்லை.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் அவர் மனைவி சிந்தாமணி, அடுப்பைப் பார்த்தபடி.

"எலி மண்ண திங்குமா? ஒடம்புல ரத்தம் கம்மியா இருக்குறவங்களுக்குத்தான் மண்ணு, சாம்பலுன்னு நாக்கு தேடுமாம். கமலம் நர்ஸம்மா சொன்னாங்க."

"சத்தியமா நான் இல்லப்பா. திங்கறதா இருந்தா தும்பிக்கையைத் தின்ன மாட்டேனா? அதுதான பெருசு?"

"வாயி மட்டும் நல்லா இருக்குது. பதினஞ்சு வயசு, பனைமரமாட்டம் வளர்ற. தெனம் சோறும் உருளைக்கெழங்கும் தின்னா ரத்தம் எங்கேருந்து ஊறும்?"

அன்றே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதி அடுப்படியில் ஒட்டினார். இனியா படித்துப் பார்த்தாள். முருங்கைக்கீரையும் முட்டையும், கேழ்வரகு அடை, கொள்ளுத் துவையல், மீன், தினம் ஒரு நெல்லிக்காய். ஞாயிறு என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"சுவரொட்டியா? அத செவுத்துலதான ஒட்டுவாங்க?"

"ஆட்டு மண்ணீரல்டி. ரத்தத்துக்கு அவ்ளோ நல்லது."

"மண்ணீரலா? பாரும்மா, அப்பாவே மண்ண திங்கச் சொல்றாரு!"

சிந்தாமணி சிரித்துவிட்டாள்.

ஒரு மாதம் அந்தப் பட்டியல்தான் வீட்டை ஆண்டது. முதல் வாரம் முகத்தைச் சுளித்த இனியா, மூன்றாவது வாரம் அடைக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். சிந்தாமணி சட்டியில் மிஞ்சிய கீரையையும் மகள் தட்டிலேயே வழித்துப் போட்டாள்.

"நீ சாப்புடலியா?" என்றார் பழமலைநாதன்.

"எனக்கென்ன, நானா வளரப் போறேன்?" என்று ஒரு டம்ளர் டீயோடு கொட்டகைக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் வால்கள் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன. பழமலைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மாதக் கடைசியில் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கமலத்திடம் போனார்.

கமலம் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"ரத்தம் பதிமூணு இருக்குதுங்க, நல்லாவே இருக்குது. இந்தப் புள்ளையா மண்ணு திங்குது? ஒங்களத்தான் செக் பண்ணணும்."

வீடு திரும்பியதும் பழமலைநாதன் நேரே கொட்டகை வாசலில் இருந்த பலகையருகே போனார். காலையில் முழுதாக இருந்த ஒரு யானைக்கு இப்போது தும்பிக்கையே இல்லை.

"நான் ஒன்கூடத்தானப்பா இருந்தேன்!" இனியா இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"எலிதான்னு அன்னிக்கே சொன்னேன்ல? இந்த வூட்ல யாரு நான் சொல்றதக் கேக்குறாங்க?" என்றபடி கொட்டகையிலிருந்து வந்தாள் சிந்தாமணி.

இனியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு கிட்டே போய், அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த வெள்ளை மண்ணைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"அப்பா, இந்த ஞாயித்துக்கெழம சுவரொட்டி எலிக்கு."