மெசின் சொன்னது

நாலு வருடமாக நுரையீரல் நோயுள்ள குச்சவெளி யோகலிங்கத்தின் சிடி ஸ்கான் படத்தை டொக்டர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஒளிக்காமல் சொல்லுங்கோ. இவர் எவ்வளவு காலம் இருப்பார்?" என்றாள் மனைவி சோபனா.

"நுரையீரல் நல்லாச் சுருங்கிக் கிடக்கு அம்மா. இந்தப் படத்தின்படி இரண்டு வருசம்தான்."

சோபனா பக்கத்தில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா இந்தளவு சுருங்கினா மாடிப்படி ஏற ஏலாது. ஐயா ஏறியெல்லோ வந்தனீங்கள்? படம் எடுக்கேக்க மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சனீங்களோ?"

"ஆர் பிடிக்கச் சொன்னது?" என்றார் யோகலிங்கம்.

"மெசின் சொல்லியிருக்குமே!"

"அது சிங்களத்தில கத்திச்சு. அசையாதை எண்டு ஏசுதாக்கும் எண்டு நினைச்சு, மூச்சை முழுக்க வெளிய விட்டுட்டுக் கட்டை மாதிரிக் கிடந்தனான்."

"மூச்சை விட்டா ஆருக்கும் சுருங்கும்!" டொக்டர் எழுந்தார். "வாங்கோ, திரும்ப எடுப்பம். இந்தமுறை நானே தமிழில சொல்லுறன்."