தேசம்மாவின் ரேகை

பெரிய ஆபீஸ் ஒன்றின் வாசலில் கைரேகை மெஷின் புதிதாக வேலைக்குச் சேர்ந்தது. வந்ததிலிருந்தே அதற்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு மணிக்கே வந்து எட்டு மாடியையும் பெருக்கும் தேசம்மா விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"விரலில் ரேகையே இல்லை. இந்தம்மா வேலைக்கே வரவில்லை!" என்றது மெஷின்.

மூன்றாவது நாளாக இதே கதை. இன்றும் பதிவாகாவிட்டால் வேலை போய்விடுமே என்று அவள் கையிலிருந்த துடைப்பம் மெஷினை எட்டி எட்டிப் பார்த்தது. தேசம்மா விரலைப் புடவையில் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். மறுபடியும் சிவப்புதான்.

துடைப்பத்துக்குப் பொறுக்கவில்லை. "யோவ், பதினெட்டு வருஷமா என்னைப் பிடிச்சே தேஞ்ச விரலுய்யா இது! குச்சிதான் மாறுச்சு, கைப்பிடி மாறலை. ரேகையெல்லாம் இங்கதான் இருக்கு, பாரு!" என்று தன் கைப்பிடியை மெஷின்மேல் வைத்து அழுத்தியது.

பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், தேசம்மா" என்றது மெஷின்.