ஈரச் சாக்கு

சித்திரை வெயிலில், கடைவீதித் தண்ணீர்ப் பந்தலில், ஒரு மண்பானையும் எவர்சில்வர் குடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பானையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருந்தது. குடம் வெறும் உடம்போடு பளபளத்தது.

"இந்த வெயில்ல யாராவது இப்படிப் போர்த்திக்குவாங்களா? உள்ளே விரிசல் இருக்கு. அதான் மறைக்கிறா" என்று, நிழலுக்கு ஒதுங்கிய வெள்ளாட்டிடம் குடம் கிசுகிசுத்தது.

பானைக்குக் கேட்டுவிட்டது. "இது இருந்தாத்தான் தண்ணி குளிர்ந்திருக்கும், அக்கா."

"அப்படித்தான் சொல்லுவே. யோக்கியமானவளுக்கு எதுக்குடி மூடாக்கு?" என்ற குடம் ஆட்டை ஏவியது. "நீ இழு, பார்த்துடலாம்."

ஆடு சாக்கைக் கடித்து இழுத்துப் போட்டது. பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "விரிசல் ஒண்ணும் காணோமே."

"அதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு. ஒண்ணுமே இல்லாதவ எதுக்கு மூடிக்கிட்டு இருந்தா?"

பொழுது சாயச் சாய, வெயில் பந்தலுக்குள் புகுந்து நேரே பானைமேல் விழுந்தது. மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒருவர் ஒரு வாய் குடித்தார். உடனே துப்பினார். "என்னய்யா இது, பானைத் தண்ணி வெந்நீரா இருக்கு!"

குடம் ஆட்டைப் பார்த்தது.

"பார்த்தியா? இவ எதையோ மறைக்கிறான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"